இரண்டாம் தாள்

டிரைவிங் ஸ்கூல்காரர் பிஸ்கட் டின்னுக்குள் கையை விட்டபோது, தங்கை கண்ணை மூடிச் சாமியை வேண்டிக்கொண்டாள். இன்றைக்கு என் கதையே வரட்டும்.

சாமி மேல் நம்பிக்கை இருந்தாலும், டின்னில் நாலு பிரதி போட்டுவைத்திருந்தாள்.

அந்தப் பழைய புத்தகக் கடையில் மாதத்தின் முதல் ஞாயிறு மாலை இப்படித்தான். கதையைப் பெயரில்லாமல் டைப் அடித்துக் கல்லாவுக்குப் பக்கத்திலிருக்கும் டின்னில் போட்டுவிட வேண்டும். ஒருவர் எடுப்பார். எடுத்தவரே வாசிப்பார். எழுதியவர் கூட்டத்தோடு கூட்டமாக வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். நான்தான் எழுதினேன் என்று மூச்சுவிடக் கூடாது. யாருக்கும் தலைக்கனம் ஏறிவிடக் கூடாது என்று கடைக்கார அம்மா போட்ட விதி.

தங்கைக்கு அந்த விதி வேறு விதத்தில் வசதியாக இருந்தது.

சும்மா வா, பொழுது போகும் என்று சொல்லி அக்காவைக் கூட்டி வந்திருந்தாள்.

அம்மா படுக்கையில் கிடந்த காலமெல்லாம் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்காத அக்கா. முகத்துக்கு நேரே கேட்டால் அழுது ஊரைக் கூட்டிவிடுவாள். முன்பின் தெரியாத ஒருவர் வாயால், அத்தனை பேர் நடுவில் கேட்கட்டும். யாரும் பெயர் சொல்லாமலே கூனிக் குறுகட்டும்.

முதல் வரி காதில் விழுந்ததும் தங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள். வேண்டுதல் பலித்துவிட்டது.

ஆனால் மனிதர் வாசித்த லட்சணம் இருக்கிறதே. நாள் முழுக்கக் கற்றுக்குட்டிகளின் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தே பழகியவர். ஒவ்வொரு வாக்கியத்தின் நடுவிலும் ஒருமுறை மிதித்தார். ராத்திரி முழுக்க அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்ட இடத்தை, மளிகைச் சீட்டு மாதிரி முணுமுணுத்துத் தீர்த்தார். தங்கை பல்லைக் கடித்தாள்.

இரண்டாம் தாளில் ஒரேயடியாக நின்றுவிட்டார்.

கண் மட்டும் வரிகளின் மேல் ஓடியது. மூக்குக்கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். பிறகு அந்தத் தாளை அப்படியே அடியில் செருகிவிட்டு மூன்றாம் தாளை எடுத்தார். அங்கிருந்து கடைசி வரி வரைக்கும், சந்தையில் கூவுகிறவர் மாதிரி கத்தியே முடித்தார்.

தங்கைக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்த ஒரு தாளுக்காகத்தான் இத்தனையும். தான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் ஆள் வராத நேரமெல்லாம் அதைத்தான் அடித்து அடித்துத் திருத்தினாள். மற்ற தாள்களில் அம்மாவும் மகளும் மட்டும். மூத்தவள் வருவதே அதில்தான். சாவுச் செய்தி கேட்டு வந்து இறங்கியவள், அம்மாவின் பக்கத்தில் போய் உட்காருவதற்கு முன்னால் கண்ணாடி முன் நின்று தலைமுடியைச் சரிசெய்துகொண்டது. எத்தனை தடவை போன் செய்தேன், கேட்கவில்லையா என்றதற்கு, சின்ன வயதிலிருந்தே கேட்காத இடது காதைத் தொட்டுக் காட்டியது.

எல்லோரும் டீக்கு எழுந்தபோது, அகராதிகள் அடுக்கிய அலமாரியோரம் அவரை மடக்கினாள். கேட்டால் விதி உடையும், எழுதியது யார் என்று தெரிந்துவிடும். தெரிந்தால் தெரியட்டும். நடுத் தாளை ஏன் முழுங்கினீர்கள், எழுதினவளைக் கேணச்சி என்று நினைத்தீர்களா என்று பிடித்துக்கொண்டாள்.

அவர் முன்வரிசைப் பக்கம் தலையைத் திருப்பினார்.

அக்கா இன்னும் நாற்காலியை விட்டு எழவில்லை. வலது காதின் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, கடைக்கார அம்மா சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“காது கேக்காதவங்க, மெனக்கெட்டுக் கேக்க வந்து உக்காந்திருக்காங்க. அதையாம்மா கேக்கணும்?”

மீதியாவது அவர்கள் காதில் நன்றாக விழட்டும் என்றுதான் கத்தினாராம். இப்போது தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்லி டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

பெரிய தர்மப் பிரபு. தங்கைக்கு ஆத்திரம் அடங்கவில்லை. டின்னில் மிச்சமிருக்கும் மூன்று பிரதியும் அங்கேயே கிடக்கட்டும், அடுத்த மாதம் வாயுள்ள ஆள் எவராவது எடுக்காமலா போவார் என்று நினைத்தபடி செருப்பை மாட்டினாள். அக்காவுக்காகக் காத்திராமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

பின்னாலேயே அக்கா மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக நின்றாள். ஒரு பஸ் வந்து நின்று போனது. இருவரும் ஏறவில்லை.

“அந்தக் கதையில வர்ற பொண்ணு எப்படிடி அவ்வளவையும் ஒத்தையாப் பாத்தா? அவளுக்குக் கூடப் பொறந்தவங்கன்னு ஒருத்தருமே இல்லையா?”

அக்கா அதைத் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

ஒரு தாள் நிறையப் பதில் தங்கையிடம் இருந்தது. அதில் ஒவ்வொரு வரியும் அவளுக்கு மனப்பாடம்.

“ஒருத்தி இருக்கா,” என்றாள்.

அதையும் கோபமாகத்தான் சொன்னாள்.