அடிவயிற்றில் ஒரு கை

சிட்டம்மாள் கை கழுவிவிட்டு உள்ளே வருவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

பவளத்துக்கு அது தெரியும். ஆனால் வாய்தான் வரவில்லை.

காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதே வலி பிடித்துக்கொண்டது. இன்னும் மாதம் நிறையவில்லை. மாமியார் தாயாரம்மாள் அவளை அறைக்குள் படுக்க வைத்துவிட்டு, மகன் ராஜாராமைத் தனியாகக் கூப்பிட்டு எதையோ சொன்னாள். அவன் கழனிப் பக்கம் ஓடினான்.

வலி என்ற செய்தி காதில் விழுந்ததும் மருத்துவச்சி சிட்டம்மாள் யாரும் கூப்பிடாமலே வந்துவிட்டாள். ஊரில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். அவளை வேண்டாம் என்று யார் சொல்வது?

கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டது.

வந்ததும் முதலில் சேலையை விலக்கி வயிற்றைத் தடவிப் பார்ப்பாள். தொப்புளுக்குக் கீழே நேராக இறங்கும் தழும்பு அவள் கண்ணில் படாமல் போகாது.

இந்த வீட்டில் அந்தத் தழும்பு ராஜாராமுக்கு மட்டும்தான் தெரியும். அவனுக்குத் தெரிந்தும் ஒன்றுதான், தெரியாமலும் ஒன்றுதான். அம்மாவுக்கு முன்னால் பெட்டிப் பாம்பு.

முதல் பிரசவம் வழக்கப்படி தாய்வீட்டில். எமர்ஜென்சி வருஷம். குழந்தை குறுக்கே கிடந்ததால் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துத்தான் மகளை எடுத்தார்கள். புருஷன் வீட்டுக்கு மட்டும் சுகப்பிரசவம் என்று சொல்லி அனுப்பினாள் பவளத்தின் அம்மா.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. இங்கே கீழத்தெருவில் ஒரு மருமகளை அதற்காகவே பிறந்த வீட்டுக்குத் துரத்தினார்கள். வயிறு கிழித்தவள் நடவுக்குக் குனிய மாட்டாள், கட்டுத் தூக்க மாட்டாள், இன்னொரு பிள்ளைக்கும் ஆக மாட்டாள் என்று சொல்லி, அவள் புருஷனுக்கு வேறு பெண் பார்த்துக் கட்டியும் வைத்துவிட்டார்கள்.

ஆனால் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது டாக்டரம்மா சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. அடுத்த பிள்ளைக்கு வீட்டில் இருந்துவிடாதே. உள்ளே தையல் பிரிந்தால் இரண்டு உயிரும் போய்விடும்.

சொன்னால் கீழத்தெருக்காரியின் கதி. சொல்லாவிட்டால் டாக்டரம்மா சொன்ன கதி.

அடுத்த வலி வந்தது. தழும்புக்கு உள்ளே எதுவோ நூல் நூலாக இழுபட்டது. பயத்தில் அப்படித் தோன்றுகிறதா, நிஜமாகவே பிரிகிறதா? பவளம் இரண்டு கையாலும் அடிவயிற்றைப் பொத்திப் பிடித்துக்கொண்டாள். செத்துவிடப் போகிறோம் என்று நினைத்தாள். மகளைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று யோசித்தாள்.

நிலைப்படியில் உட்கார்ந்து தாயாரம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பவளம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இந்த வீட்டுக்குத் திரும்பி வந்த நாளிலிருந்தே இந்தப் பார்வைதான். கதிர்க்கட்டைத் தொட்டால், உனக்குத் தூக்க வராது, வை என்பாள். தண்ணீர்க் குடத்தையும் பிடுங்கிக்கொள்வாள். பிள்ளையைப் பறிகொடுத்த கடுப்பு என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். ராஜாராமுக்குப் பிறகு ஒரு பெண்ணாம். நாள் முழுக்க வலியில் துடித்து, கடைசியில் வண்டி கட்டிப் புறப்பட்டு, ஓரிக்கைப் பக்கம் பாலாற்று மணலில் இறங்கும்போதே குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்துவிட்டதாம்.

வாளிச் சத்தம் நின்றது.

"அத்தே," என்றாள் பவளம். அழுகைதான் வந்தது.

தாயாரம்மாள் எழுந்தாள். எப்போதும் எழுவது போலத்தான். ஒருக்களித்து, ஒரு கையைத் தரையில் ஊன்றி, இன்னொரு கையால் அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டு. கேட்டால் இடுப்புப் பிடிப்பு என்பாள்.

ஈரக் கையோடு உள்ளே வந்த சிட்டம்மாளை அவள் வாசலிலேயே மறித்தாள்.

"நீ தொடாத சிட்டம்மா. இது உன் கையால ஆவற காரியம் இல்ல."

வெளியே மாட்டுச் சலங்கை கேட்டது. ராஜாராம் மூச்சு வாங்க வண்டியை வாசலில் நிறுத்தினான். வைக்கோல் பரப்பி, அதன்மேல் மெத்தை போட்டிருந்தது. உத்திரமேரூர் வரை வண்டி, அங்கிருந்து வாடகைக் காரில் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரி என்றான்.

சொல்லிவிட்டாயா என்று கண்ணாலேயே கேட்டாள் பவளம். அவன் இல்லை என்று தலையாட்டினான்.

வண்டி நகர்ந்தது. பவளம் மாமியார் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள்.

"உங்களுக்கு யாரு சொன்னாங்க அத்தே?"

"யாரும் சொல்லல. கொயந்தயோட வந்த அன்னிக்கி நீ வயித்தத் தாங்கிக்கினு பாயிலேர்ந்து எய்ந்த பாரு, அப்பவே தெரிஞ்சிக்கினேன். மாசம் நெறயறதுக்குள்ள இட்டுக்கினு போலான்னு இருந்தேன். முந்திக்கிச்சி."

சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறியது. அடுத்த வலி வந்தது. தாயாரம்மாள் அவள் அடிவயிற்றில் கையை வைத்துத் தாங்கிக்கொண்டாள்.

"போய்ச் சேந்துடுவமா அத்தே?"

தாயாரம்மாள் மாட்டை விரட்டு என்று மகனை அதட்டினாள். பிறகு குனிந்து, அவனுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"இவனையும் கிழிச்சிதான் எடுத்தாங்க. ரெண்டாவதுக்கு வலி வந்தப்போ நான் வாயே தொறக்கல."