துணைக்கு வந்தவர்

“உங்களைக் கேட்கலைம்மா, சாரைக் கேட்கிறேன்” என்றார் உளவியல் நிபுணர்.

மனைவி வாயை மூடிக்கொண்டார். ஆனால் எத்தனை நேரம்தான் சும்மா இருக்க முடியும்? இன்று என்ன கிழமை என்ற கேள்விக்கே கணவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி தொலைபேசி இணைப்பகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேரின் எண்கள் ஒரு காலத்தில் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கணவர் எலெக்ட்ரீஷியன். ஒரு மாதமாகவே தனக்கு மறதி அதிகமாகிவிட்டது என்று புலம்பிக்கொண்டிருந்தார். தனியாக வரப் பயமாக இருக்கிறது என்று அவர் கெஞ்சியதால்தான் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு மனைவியும் கிளம்பி வந்திருந்தார்.

மனதைத் திறந்து பார்க்க முடியாது என்று விளக்கினார் நிபுணர். காதில் விழுவது உள்ளே எப்படிப் பதிகிறது, வேண்டும்போது எப்படித் திரும்பி வருகிறது என்பதையெல்லாம் கேள்வி கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டுமாம். “வழியில எங்க சிக்குதுன்னு பார்க்கணும், அவ்வளவுதான்.”

குடை, மூக்கு, ரயில், எலுமிச்சை, சாவி என்று ஐந்து வார்த்தைகளை நிதானமாகச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பேன் என்றார்.

அடுத்து நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். கணவர் தொண்ணூற்று மூன்றிலேயே நின்றுவிட்டார். “எண்பத்தாறு” என்று எடுத்துக்கொடுத்தார் மனைவி. கணவர் மேற்கொண்டும் அவர் முகத்தையே பார்க்க, “எல்லாத்தையும் நானே சொன்னா அப்புறம் எதுக்குங்க பரிசோதனை?” என்று அதட்டினார்.

நிபுணர் எதையோ எழுதிக்கொண்டார். பிறகு அந்த ஐந்து வார்த்தைகளைக் கேட்டார்.

கணவர் உதட்டைப் பிதுக்கினார். மனைவிக்குப் பொறுக்கவில்லை. “சாவி... குடை...” என்று ஆரம்பித்தவர், “நான் சொன்னா டாக்டர் திட்டுவாங்க. நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க” என்று முடித்துக்கொண்டார். நிபுணர் அதையும் எழுதிக்கொண்டார்.

கணவரின் கண்கள் கலங்கிவிட்டன. அதைப் பார்த்ததும் மனைவி அவர் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

“இதுக்குப் போய் கலங்குறீங்களே. நீங்க எதை மறந்தா என்ன? ஞாபகம் வச்சுக்கத்தான் நான் இருக்கேன்ல.”

வரவேற்பு மேசையில் அடுத்த தேதி வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு மனைவி வெளியே போனார். கதவு மூடியதும் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“உங்க சந்தேகம் சரிதான் சார்” என்றார் நிபுணர். “ஆனா அடுத்த தடவை இந்த நடிப்பு வேண்டாம். பரிசோதனை அவங்களுக்குத்தான்னு பக்குவமா நீங்களே சொல்லிக் கூட்டிட்டு வாங்க.”