அண்ணன் போட்ட சண்டை

“தடுப்பூசி போடுறதா வேணாமான்னு பெத்தவதான் முடிவு பண்ணணும். சட்டத்தைக் காட்டி என் தங்கச்சிய மிரட்டாதீங்க டாக்டர்!”

மணிவண்ணன் போட்ட சத்தம் குழந்தைகள் வார்டு முழுக்கக் கேட்டது. தட்டம்மையால் உடம்பெல்லாம் சிவந்து, மூச்சுக்குத் திணறியபடி படுத்திருந்தான் மூன்று வயது வருண்.

“சார், கொஞ்சம் வெளிய போறீங்களா? பிள்ளைக்கு மூச்சே சரியில்ல,” என்றார் டாக்டர்.

சுஷ்மிதாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “எங்கண்ணன் எனக்காகத்தான் பேசுறாரு. இங்கேயே இருக்கட்டும்.”

வருண் பிறந்த நாளிலிருந்து ஊசியே வேண்டாம் என்று சொல்லிவந்தவர் அவர். அண்ணன் சொல்லிவிட்டால் அவளிடம் மறுபேச்சு கிடையாது.

டாக்டர் அவளிடம் கேட்டார். “இவன்கூட வேற யார் விளையாடினாங்க?”

“அண்ணன் மக ரக்ஷனா. போன வாரம் பூரா தோ பாயோவுல எங்க வீட்டுலதான் இருந்தா. ரெண்டும் ஒரே தட்டுல சாப்பிட்டுச்சுங்க.”

“அப்போ அவளுக்கும் ஒட்டியிருக்கலாம். உடனே கூட்டிட்டு வாங்க.”

“தேவையில்ல,” என்றார் மணிவண்ணன்.

சுஷ்மிதா அண்ணன் பக்கம் திரும்பினாள். “அண்ணா, வீம்பு போதும்லா! என் பிள்ளை படுறது பத்தாதா? அவளையாவது காப்பாத்து!”

அவர் தரையைப் பார்த்தார்.

“அவளுக்கு ரெண்டு ஊசியும் எப்பவோ போட்டாச்சும்மா. போடலைன்னா பாலர் பள்ளியில சேத்துக்க மாட்டேன்னுட்டாங்க. வருண் வீட்லதானே இருக்கான்னு...”

வருண் இருமினான். அவன் நெஞ்சைத் தடவிக்கொடுத்தபடி, தலையைத் திருப்பாமல் சொன்னாள் சுஷ்மிதா.

“டாக்டர், இந்த ஆள வெளிய அனுப்புங்க.”