ஏழாவது அங்கி

1921-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பீகாரில் எங்கள் ஊர் கோர்ட் வாசலில் நெருப்பைச் சுற்றி நின்றவர்கள்: வக்கீல்கள் ஏழு பேர், குமாஸ்தாக்கள் பதினொரு பேர், போலீஸ்காரர்கள் இரண்டு பேர், ஊர்ஜனம் நான் எண்ணியவரை இருநூற்று ஆறு, வக்கீல்கள் அறையைப் பெருக்கும் நான்.

வெள்ளைக்காரன் கோர்ட்டுக்கு இனிப் போவதில்லை என்று ஏழு வக்கீல்களும் சத்தியம் செய்திருந்தார்கள். அதற்கு அடையாளமாகத்தான் கறுப்பு அங்கிகளை எரிப்பது.

ஆறு பேர் எறிந்தார்கள். ஆறு தடவை ‘காந்திஜிக்கு ஜே’ போட்டோம்.

ஏழாமவர் சிவநந்தன் பாபு. அங்கியை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார்.

“என்ன பாபு, கை நடுங்குதா?” என்றார் துவாரிகா பாபு. முதலில் எறிந்தவர் அவர்தான்.

“நாளைக்கு ஒரு கேஸ் இருக்கு. முடிச்சிட்டு எரிக்கிறேன்.”

“கேளுங்கய்யா! சத்தியத்துக்கே வாய்தா கேக்கிறாரு!”

கூட்டம் சிரித்தது. “வெள்ளைக்காரன் எச்சில் இன்னும் ருசிக்குதோ?” என்று ஒருவன் கத்தினான். சாணி உருண்டைகள் இரண்டு அவர் முதுகில் விழுந்தன.

ஒன்று நான் எறிந்தது.

திங்கட்கிழமை ஒன்பது குடியானவர்களைக் கூண்டில் ஏற்றினார்கள். துரைக்குக் கூலியில்லாமல் மூட்டை சுமக்க மறுத்தவர்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் ஏழு வக்கீல் வீட்டுக்கும் போய் அழுதிருக்கிறார்கள்.

ஆறு வீட்டிலும் ஒரே பதில்: “நாங்கதான் கோர்ட்டையே விட்டுட்டோமேம்மா!”

சிவநந்தன் பாபு ஒருவர்தான் வந்தார். காசு வாங்காமல் மூன்று மணி நேரம் வாதாடினார். ஒன்பது பேரும் விடுதலை.

வெளியே வந்ததும் அங்கியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

“வாய்தா முடிஞ்சுது, சுக்கன். எரிச்சிடு.”

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். வாங்க முடியவில்லை.

“பிடிப்பா. நேத்துச் சாணி எறிஞ்ச கைதானே? இதையும் எறி.”

கோர்ட் வாசலில் சருகைக் கூட்டித் தீ மூட்டி எறிந்தேன். முழுக்க எரியும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் சந்தையில் சர்க்காரை எதிர்த்துப் பேசினார். வியாழக்கிழமை ஆறு மாதச் சிறைத் தண்டனை கொடுத்தார்கள். தனக்காக வாதாட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பெரிய ஜமீன் வழக்கு ஒன்று வந்தது. இரண்டு பக்கமும் காசுள்ள கட்சிகள்.

காலையில் வழக்கம்போல வக்கீல்கள் அறையைப் பெருக்கப் போனேன். அங்கி மாட்டச் சுவரில் ஏழு ஆணிகள். சிவநந்தன் பாபுவின் ஆணி காலி.

மிச்சம், புத்தம்புது அங்கிகள் ஆறு.