காது வைத்த இலை

ஸ்ரீரங்கத்துக் கொல்லையில் காலை வெயில் சுவரில் ஏறுகிறது. இரவு வேலையைப் பாதியில் உதறிவிட்டு வீட்டோடு இருக்கும் செந்தமிழன், முல்லையை அமுக்கிக்கொண்டிருந்த காட்டுமல்லி என்று ஒரு கொடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நிற்கிறான். அவன் மனைவி வாசுகி குனிந்து அந்தக் கொடியின் இலையைத் திருப்புகிறாள். இலையின் அடியில் காது மாதிரி இரண்டு குட்டி இலைகள். அது முல்லை. சுவரில் மிஞ்சியிருக்கும் கொடியில் காதில்லாத ஒற்றை இலைகள். “ராத்திரி வேல கண்ணக் கெடுக்குதுன்னு நின்னுட்டீங்க. இப்ப பகல்தானங்க?” “மொட்டு ஒரே மாதிரி இருந்துச்சு.” “முதல் பூ ரங்கநாயகித் தாயாருக்குன்னு வேண்டியிருந்தேன்.” அதற்குமேல் அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றுகிறது. முல்லையைத் தூக்கிக் கம்பியில் மாட்டுகிறான். கையை எடுத்ததும் சரிகிறது. மொட்டுகள் இன்னும் வாடவில்லை.