மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே

“மூஞ்சியில அவ்வளவு வேதன வேண்டாம் அம்மிணி. தூங்கற மாதிரி போடுங்க.”

“செத்துப்போனவங்க தூங்கற மாதிரியா சார் இருப்பாங்க?”

“அந்தாளு மனசு ஆறணுமில்லீங்களா? அதுக்குத்தானே இத்தன பாடு.”

ஆஷா ரப்பரை எடுத்து அழித்தாள். முதலிபாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றில், குழந்தைகளின் டீ-ஷர்ட்டுக்கு யானையும் முயலும் வரைவது அவள் வேலை. மேனேஜர் மகுடேஸ்வரன் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு கோட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாட்ச்மேன் சுப்பையன் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தார். “சார், வெள்ளியங்கிரி இன்னைக்கும் வந்துட்டாருங்க. கேட்டுக்கு நேரா உக்காந்திருக்காரு. லாரி உள்ள வர வழியில்லீங்க.”

“எந்திரிக்கச் சொல்லுங்க.”

“சொன்னா அவருக்குக் காது கேக்கோணுமில்லீங்க?”

“உங்க கிண்டலுக்கு மட்டும் குறைச்சலில்ல. கையப் புடிச்சுக் கூட்டிட்டு வாங்க. நாளைக்குச் சரக்கு வாங்கற வெளிநாட்டுக்காரன் வரப்ப அந்தாளு அங்க இருக்கக் கூடாது.”

வெள்ளியங்கிரிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. பள்ளிக்கூடம் போகாததால் எழுத்தும் தெரியாது. அவன் கைஜாடை முழுவதும் புரிந்த ஒரே ஆள் அவன் மனைவி செல்லாத்தாள். அந்தச் செல்லாத்தாள்தான் போன மாதம் இந்தக் கம்பெனிக்குள் இறந்துபோனாள். எப்படி இறந்தாள் என்பதை அவனுக்குப் புரியும்படி சொல்ல யாருக்கும் தெரியவில்லை. அதைக் கேட்கத்தான் தினமும் குண்டடத்திலிருந்து பஸ் ஏறி வந்து கேட்டில் உட்கார்ந்தான். படமாக வரைந்து காட்டிவிடலாம் என்பது மகுடேஸ்வரனின் யோசனை.

ஒரே தாளில் நான்கு கட்டங்கள். ஓர் எழுத்துகூட இல்லை. முதல் கட்டத்தில் செல்லாத்தாள் டிபன் பாக்ஸோடு கேட்டுக்குள் வந்தாள். அடுத்ததில் பனியன் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டினாள். மூன்றாவதில் வெட்டுத்துணிக் கழிவு போட்டுவைக்கும் அறைக்குள் தனியாகப் போனாள். கடைசியில் துணிமூட்டை மேல் கண்மூடிப் படுத்திருந்தாள்.

“மூணுக்கும் நாலுக்கும் நடுவுல ஒண்ணும் வேண்டாங்களா சார்?” என்று கேட்டாள் ஆஷா.

“வெள்ளையா உட்ருங்க. பஞ்சுத் தூசி, மூச்சு முட்டுச்சு, முடிஞ்சுதுன்னு பாக்கறவங்களே நெனச்சுக்குவாங்க.”

சுப்பையன் வெள்ளியங்கிரியைக் கூட்டிவந்து மேசை முன்னால் உட்கார வைத்தார். ஆஷா தாளை அவன் பக்கம் திருப்பினாள்.

முதல் படத்தைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. செல்லாத்தாளின் கொண்டையை விரலால் தடவினான். இரண்டாவது படத்தில் அவள் வாயைத் தொட்டு, தன் விரல்களைப் படபடவென்று மூடித் திறந்து காட்டினான்.

“ஓயாமப் பேசுவாளாமா,” என்று சிரித்தார் சுப்பையன். “நெசந்தானுங்க. கேக்காதுன்னு தெரிஞ்சும் இந்தாளுகிட்டயே பேசிட்டுக் கெடக்குமுங்க அந்தப் புள்ள.”

மூன்றாவது படம். வெள்ளியங்கிரியின் விரல் அறை வாசலில் நின்றது. நான்காவதுக்குப் போயிற்று. மறுபடி மூன்றாவதுக்கு வந்தது. தலையை இல்லை என்று ஆட்டினான்.

“புரிஞ்சிருச்சுங்க. மனசு ஒத்துக்க மாட்டேங்குது, பாவம்,” என்றார் மகுடேஸ்வரன்.

வெள்ளியங்கிரி மேசையிலிருந்த பென்சிலை எடுத்தான். இரண்டு கட்டங்களுக்கும் நடுவே இருந்த வெள்ளை இடத்தில், குழந்தை கிறுக்குவதுபோல, ஒரு கதவை வரைந்தான். கதவுக்கு உள்ளே ஒரு பெண். அவளுடைய இரண்டு கைகளும் கதவில் இருந்தன.

பிறகு தன் கைமுட்டியால் மேசையை ஓங்கி ஓங்கிக் குத்தினான். தோல் உரிந்த முட்டியை மூவருக்கும் காட்டினான். நகங்களைப் பிய்ப்பதுபோல் ஜாடை செய்தான். சுடுகாட்டில் கடைசிவரை அவள் கைகளை விடாமல் பிடித்திருந்தவன் அவன்; அந்தக் கைகளின் காயங்களைப் பார்த்திருந்தான்.

சிரிப்பு அடங்கிப்போன சுப்பையன் மேனேஜரைப் பார்த்தார். “உள்ள தாப்பாளே கெடையாதுங்களே சார் அந்த ரூமுக்கு. தானா மூடியிருக்காதுங்களே.”

“நீங்க கேட்டுக்குப் போங்க. மொதல்ல அந்தத் தாள வாங்குங்க.”

சுப்பையன் அசையவில்லை.

வெள்ளியங்கிரி இன்னும் வரைந்துகொண்டிருந்தான். கதவுக்கு வெளியே ஓர் ஆள். உடம்பு, நீட்டிய கை, கையில் ஒரு சாவி. கழுத்துக்கு மேலே வட்டம் போட்டான். வட்டத்துக்குள் கண்ணும் மூக்கும் வைக்க அவனுக்குத் தெரியவில்லை. பென்சிலை ஆஷாவின் விரல்களுக்குள் திணித்தான்.

பதிவேட்டில் பெயர் இல்லாமல் வேலை செய்தவள் செல்லாத்தாள். அன்று கம்பெனியைச் சோதிக்க வந்த ஆய்வுக்காரர்கள் கண்ணில் பட்டுவிடாமல் அவளை அந்த அறைக்குள் வைத்து, “நான் சொன்னாத்தான் திறக்கோணும் அம்மிணி” என்று மகுடேஸ்வரன் கொடுத்த சாவியைத் திருப்பியவை, ஆஷாவின் இந்த விரல்கள்தாம். பூட்டிவிட்டு, வந்தவர்களோடு அவள் சாப்பிடப் போய்விட்டாள்.

வெள்ளியங்கிரி அந்த வெறும் வட்டத்தைத் தொட்டுக் காட்டினான். முகம் வரைந்து தரச் சொல்லி ஆஷாவைப் பார்த்துக் கைகூப்பினான்.