ரங்கூன் அரிசிக் கணக்கு

குற்றாலத்து விடுதியில் தங்கி, உலக நாடுகளின் அரிசி வணிகக் கணக்குகளைத் தன் ஆராய்ச்சிக்காகத் தொகுத்துக்கொண்டிருந்தான் ஆதித்தன். உலகப் போரில் பர்மாவின் ரங்கூன் துறைமுக நகரில் ஜப்பானியக் குண்டு விழுந்தபின் அங்கிருந்து ஏற்றுமதி அடியோடு நின்றுவிட்டதாகச் சென்னையிலிருந்து வந்த புதிய கணக்கு சொல்லியது.

அன்று மாலை தென்காசி அரிசி மண்டிக்காரர் முப்பிடாதி தேடி வந்தார்.

"தம்பி, ரங்கூன் அரிசி இன்னும் கப்பல் ஏறுதா? ஆளுக்கு ஒண்ணு சொல்லுதான். நீங்கதான் கணக்குப் பாக்கிறவுக."

உண்மை தெரிந்தால் இவர் மூட்டைகளைப் பதுக்குவார், ஊர் பட்டினி கிடக்கும் என்று ஆதித்தன் எண்ணினான்.

"வழக்கம்போல ஏறுது அண்ணாச்சி. துறைமுகத்துக்குச் சேதமில்லை. ஆலையெல்லாம் ஓடுது."

"நெசமாவா?"

"கணக்கே சொல்லுது."

அவர் கும்பிட்டுப் போனார். கொழுத்த நரியை ஏமாற்றி அனுப்பிய கோழியைப் போல ஆதித்தன் நிம்மதியாக உறங்கினான்.

மறுநாள் முற்பகல் முப்பிடாதி ஒரு தார் வாழைப்பழத்துடன் வந்து நின்றார்.

"வயித்துல பாலை வாத்தீங்க தம்பி. எம்மவன் தங்கசாமி ரங்கூன்ல அரிசி ஆலையிலதான் இருக்கான். ஊருக்குக் கெளம்பி வந்திரட்டுமான்னு கேட்டிருந்தான். பயப்படாம அங்கனயே இருலேன்னு இப்பத்தான் தந்தி குடுத்துட்டு வாரேன்."